கேஷ், காசிலிருந்து வந்ததா?

கேள்வி: அம்மா, வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். ரொக்க ஏடு பாடம் நடத்தும்போது, 'கேஷ்' என்ற இங்கிலீஷ் சொல் நம்முடைய 'காசு'தான் என்று வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறாள். அது நான் சொல்லிக் கொடுத்தது. எங்கள் கடைத்தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது, எனக்கும் சரியென்று பட்டது. ஆசிரியை, "இல்லைம்மா, அது லத்தீன்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூலகத்துக்குப் போய்ப் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். 'தமிழ், காசு' என்று அச்சிலேயே இருக்கிறது. அப்படியானால் ஆசிரியை சொன்னது தப்புதானே? அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கு இப்போது போகவேண்டாம். நூலகத்துக்கு இன்னொரு தடவை போய் வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் பார்த்த அதே இடத்துக்குச் சற்று மேலே இன்னொரு 'கேஷ்' இருக்கும். தலைச்சொல்லை ஒட்டிச் சின்னதாக 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். நீங்கள் படித்தது இரண்டாவது கேஷ். உங்கள் மகளின் பாடத்தில் வருவது முதலாவது. ஆசிரியை சொன்னது சரி. நீங்கள் அச்சில் பார்த்ததும் உண்மை. இரண்டு வெவ்வேறு சொற்களை ஒன்றாக்கி அனுப்பியவர்தான் தவறு செய்தார்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. நீங்கள் தினமும் உட்காரும் இடத்துக்கே வருகிறேன். கடையில் பணம் போடும் பெட்டி 'கல்லா'. 'கல்லா ஒருவன்' என்று திருக்குறளிலும் ஒரு 'கல்லா' உண்டு, படிக்காதவன் என்று பொருள். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. அதற்காக, படிக்காதவர்கள் உட்கார்ந்த இடம் என்பதால்தான் அதற்குக் கல்லா என்று பெயர் வந்தது என யாராவது செய்தி அனுப்பினால் ஒப்புக்கொள்வீர்களா? ஒலி ஒத்துப்போவது விசாரிக்கத் தொடங்குவதற்கு ஒரு காரணம். தீர்ப்புச் சொல்ல அது போதாது.

உங்கள் மகளின் பாடத்தில் இருக்கும் கேஷைப் பார்ப்போம். அது முதலில் பணமே அல்ல, பெட்டி. லத்தீனில் 'கப்சா' என்றால் பெட்டி, பேழை. அது இத்தாலியில் 'கஸ்ஸா' ஆயிற்று, பிரான்சில் 'கேஸ்' ஆயிற்று. வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டிக்கு இரண்டு நாட்டிலும் அந்தப் பெயர்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் பெட்டி என்ற பொருளோடுதான் வந்தது. 1611இல் ராண்டல் காட்கிரேவ் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதியில், பிரெஞ்சுப் பெட்டிச் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது சரக்கு வைக்கும் பெட்டி என்று சொல்லிவிட்டு, வணிகரின் 'கேஷ்' என்றும் எழுதுகிறார். அதாவது அன்றைய லண்டன்காரருக்கு கேஷ் என்றால் உங்கள் கல்லாப்பெட்டி.

பெட்டியின் பெயர் அதற்குள் இருக்கும் பணத்துக்கு எப்படிப் போயிற்று என்று மகள் கேட்பாள். உங்கள் வாயிலேயே பதில் இருக்கிறது. தீபாவளி வாரத்தில் வியாபாரம் நன்றாக நடந்தால் "கல்லா கட்டியாச்சு" என்கிறோம். அங்கே பெட்டியையா கட்டினோம்? "தேர்தலில் பெட்டி கைமாறியது" என்றால் கேட்பவர் யாரும் பெட்டியின் நிறத்தைக் கேட்பதில்லை. வெனிஸ் வணிகருக்கும் லண்டன் வணிகருக்கும் நடந்தது இதுவேதான். பெட்டியில் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, பெட்டியே பணமாகிவிட்டது. பிறகு பெட்டி என்ற பொருள் ஆங்கிலத்தில் தேய்ந்து போய், பணம் மட்டும் நின்றது.

அந்தப் பெட்டிக்கு உறவுக்காரர்கள் நிறையப் பேர். மருந்துக் கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் லத்தீனில் 'குட்டிப் பெட்டி'. நம் காலத்துப் பாட்டுக் கேசட், பிரெஞ்சில் 'சிறு பெட்டி'. சூட்கேஸில் உள்ள 'கேஸ்' அதே பெட்டிதான் (நீதிமன்ற 'கேஸ்' வேறு, அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை). பாடி கட்டுவதற்கு முன் லாரியின் வெற்றுச் சட்டகத்தை 'சேஸ்' என்கிறார்களே, அந்தச் சேசிஸும் பிரெஞ்சு வழியாக இதே கப்சாவுக்குப் போய்ச் சேருகிறது. வங்கியில் உட்கார்ந்திருக்கும் கேஷியர், பிரெஞ்சுக் 'கேஸ்ஸியே', பெட்டிக்குப் பொறுப்பானவர். நாம் அவருக்குக் 'காசாளர்' என்று பெயர் வைத்தோம். நல்ல தமிழ்ச் சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் கேஷியர், காசாளர் என்று அடுத்தடுத்து சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். உங்கள் மகள் ஏமாந்ததில் குற்றமே இல்லை.

"காசு போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பெட்டிச் சொல்லோடு கலந்திருக்கக் கூடாதா?" நானாக இருந்தால் அடுத்து இதைத்தான் கேட்பேன். இங்கேதான் ஆண்டுக் கணக்கு உதவுகிறது.

மகளின் பாடப் பகுதியிலேயே வரக்கூடிய பெயர் லூகா பச்சோலி. கணக்கு எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சு நூலில் விளக்கமாக எழுதிய இத்தாலியத் துறவி. அந்த நூல் வெனிஸில் அச்சானது 1494இல். நாட்குறிப்பேட்டில் பதிவு எழுதுவது எப்படி என்று சொல்லும் இடத்தில் அவர் இரண்டு சொற்களை எடுத்து விளக்குகிறார். ஒன்று 'கஸ்ஸா', இன்னொன்று மூலதனம். கஸ்ஸா என்றால் உன் பணப்பை என்று புரிந்துகொள் என்கிறார். அதாவது 1494இலேயே வெனிஸின் கணக்கு ஏட்டில் பெட்டி பணமாகிவிட்டது. வாஸ்கோ ட காமாவின் கப்பல் கள்ளிக்கோட்டைக் கரைக்கு வந்தது 1498இல். காசு என்ற சொல்லைக் கேட்கப் போர்த்துகீசியர் கப்பல் ஏறுவதற்கு முன்பே கஸ்ஸா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், பந்தயத்தில் தோற்ற பணத்தைக் கேட்பவனுக்கு, கேஷாகவே நேர்மையாகக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு பாத்திரம் வாக்குக் கொடுக்கிறது. அது 1599ஆம் ஆண்டு நாடகம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. சென்னையில் கோட்டை கட்ட அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639இல். நம் கடைத்தெருவில் ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே லண்டன் நாடக மேடையில் கேஷ் பேசப்பட்டுவிட்டது.

ஆக, முதல் கேஷ் நம்முடையது அல்ல. இனி நம்முடையதைச் சொல்கிறேன். எனக்கு அதைச் சொல்லத்தான் அதிக ஆசை.

காசு தமிழில் எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகையின் 67ஆம் பாட்டைப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. கிளி ஒன்று வளைந்த அலகில் வேப்பம்பழத்தை வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால், புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகங்களுக்கு இடையே பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறதாம். 'பொலங்கல ஒருகாசு ஏய்க்கும்' என்கிறார். மஞ்சளாக, உருண்டையாக, மினுமினுப்பாக நகங்களுக்கு நடுவே அது நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் காசு நகையில் கோக்கும் காசு. இன்றைக்கும் காசுமாலை என்கிறோமே, அதே காசு.

பிறகு அது கைமாறும் நாணயமானதையும் உங்கள் பக்கத்து ஊரே சொல்லும். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் தினம் ஒரு படிக்காசு கிடைத்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்த காசில் மாற்றுக் குறைவு, கடையில் வட்டம் பிடித்தார்கள். அவர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். 7ஆம் நூற்றாண்டு. நாணயத்தின் தரத்துக்குத் தகுந்தபடி கழித்துக்கொள்வதுதான் வாசி. வியாபாரியான உங்களுக்கு இந்தப் பதிகத்தின் வலி மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை.

சம்ஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்று ஒரு எடைப் பெயர் உண்டு, காசை அதோடு சேர்த்துச் சொல்லும் அகராதிகளும் உண்டு. அந்த வழக்கு தனி. நம் கேள்விக்கு வேண்டியது, இந்தக் கடற்கரையில் வந்து இறங்கிய போர்த்துகீசியர் காசு என்ற சொல்லைக் கேட்டார்கள் என்பது.

கேட்டு என்ன செய்தார்கள்? தங்கள் வாய்க்குப் பழகிய ஒரு சொல்லின் சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். 'கைஷா' என்றார்கள். போர்த்துகீசிய மொழியில் கைஷா என்றால் என்ன தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் கப்சாவின் போர்த்துகீசிய மகள். நம் காசும் அவர்கள் பெட்டியும் முதல்முதலாக ஒரே எழுத்தில் நின்றது அங்கேதான். வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் ஒலி ஒற்றுமையைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் அந்த ஒற்றுமை பிறவியில் வந்ததல்ல, போர்த்துகீசியர் நாக்கில் வந்தது. வெளிநாட்டுச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த சொல்லின் உருவத்தைக் கொடுப்பது எல்லா மக்களுக்கும் உள்ள பழக்கம். பதிலுக்கு அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டவையும் உண்டு: சாவி, ஜன்னல், அலமாரி. உங்கள் கல்லாவைப் பூட்டும் சாவி போர்த்துகீசியச் சொல், அதற்குள் கிடக்கும் காசு அவர்களிடம் போன சொல்.

அந்தக் கைஷாவிலிருந்துதான் ஆங்கிலேயரின் இரண்டாவது கேஷ் வந்தது. கிழக்கு நாடுகளில் புழங்கிய சின்ன மதிப்பு நாணயங்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் மிகவும் நிலைத்துப்போனது சீனத்து நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட செம்புக் காசு, கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயர்கள் வேறு. ஆங்கிலத்தில் நாணயவியல் எழுதுகிறவர்கள் இன்றும் அதைக் 'கேஷ்' என்றுதான் எழுதுகிறார்கள். சீனப் பேரரசுகளின் நாணயத்துக்கு உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயர், தமிழ்க் கடற்கரையில் கேட்ட சொல். பொற்கொல்லன் நூலில் கோத்த காசின் பெயர், கயிற்றில் கோத்த காசுக்கே போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். இருந்தாலும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நம் ஊரிலும் கம்பெனி அந்தப் பெயரில் நாணயம் வெளியிட்டது. சென்னை மாகாணக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம் (அன்று அது ஒரு சிறு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் நடைமுறை. 1803, 1808 என்று ஆண்டு பொறித்த இருபது கேஷ் செம்பு நாணயங்கள் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்கு அருகே இருந்த சோஹோ நாணயச் சாலையில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. வராமல் போனவையும் உண்டு. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. டன் கணக்கில் செம்புக் காசு கடலுக்குள் கிடந்து, 1980களில்தான் முக்குளிப்பவர்கள் அதை வெளியே எடுத்தார்கள்.

அந்த இருபது கேஷ் நாணயம் ஒன்றை ஒரு சேகரிப்பாளர் என் உள்ளங்கையில் வைத்தார். கனமான செம்பு. ஒரு பக்கம் கம்பெனியின் கேடயம், இரண்டு புறமும் சிங்கம் பிடித்திருக்கிறது. கீழே லத்தீனில் ஒரு வாசகம். திருப்பினால் பாரசீக எழுத்து. அதில் எழுதியிருப்பது: இருபது காஸ், நான்கு ஃபுலூஸ் (ஃபுலூஸ் என்பதும் செம்புக் காசின் பெயர்தான்). அதற்கடியில் ரோமன் இலக்கத்தில் இருபது போட்டுப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்'. பாரசீகம் எழுதியவர் 'காஸ்' என்று கேட்டதை அப்படியே எழுதிவிட்டார். ஆங்கிலம் எழுதியவர் போர்த்துகீசியர் வழியாக வந்ததை எழுதினார். ஒரே தமிழ்ச் சொல் இரண்டு பாதையில் நடந்துவந்து ஒரே செம்புத் தகட்டில் மேலும் கீழுமாக நிற்கிறது. நான் பார்த்த சான்றுகளில் இதைவிட அழகானது இல்லை.

உங்கள் மகளுக்கு வேண்டியது இந்த நாணயம்தான். வகுப்பில் எழுந்து, "டீச்சர், பாடத்தில் வருகிற கேஷ் லத்தீன்தான். ஆனால் காசிலிருந்து வந்த கேஷ் ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் கம்பெனி நாணயத்திலேயே போட்டிருக்கிறார்கள்" என்று அவள் சொல்லட்டும். ஆசிரியை நிச்சயம் காதுகொடுத்துக் கேட்பார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அகராதி வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் 'ரைஸ்' என்ற ஆங்கிலச் சொல் எதிலிருந்து வந்தது என்று அட்டை எழுதச் சொன்னார்கள். 'அரிசி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன். மூத்த தொகுப்பாளர் ஒருவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில், யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது? அதை எழுதிக் கொண்டுவாம்மா" என்றார். மூன்று வாரம் தேடினேன். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு, இத்தாலியம், லத்தீன், கிரேக்க 'ஒரூசா' வரை தடம் தெளிவாகப் போயிற்று. அதற்கு அப்பால் நெருக்கமான உருவங்கள் ஈரானிய மொழிகளில் இருந்தன. அரிசியிலிருந்து நேராகப் போனதற்கு என்னால் சான்று காட்ட முடியவில்லை. அன்று அழுகை வந்தது. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு சொல்லிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதால் எவ்வளவோ கிடைத்தன. கட்டுமரம் 'கட்டமரன்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனது, எல்லாமே தடம் காட்டி நிற்கும் சொற்கள். கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் கண்டு 1697இல் புத்தகத்தில் எழுதிவைத்தார் வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி. இப்படிக் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் நமக்கு இருக்கும்போது, இல்லாத சாட்சியை ஏன் கூண்டில் ஏற்றவேண்டும்? பொய்யாக ஒரு சொல்லைத் தமிழ் என்று சொல்லிவைத்தால், நாளைக்குக் கட்டுமரத்தைச் சொல்லும்போதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் பயம்.

மகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. "அப்பா உனக்குச் சொன்னதில் பாதி தப்பு, மீதிப் பாதியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், வா" என்று சொல்லிப் பாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அப்பா தப்பை ஒப்புக்கொள்வது பெரிய விஷயம்.

இன்னொன்று. உங்கள் கடையில் பழைய செம்பு, பித்தளையை எடைக்கு எடுப்பீர்கள் அல்லவா? பழைய அண்டாவுக்குள், குடத்துக்குள் போட்டுவைத்த செம்புக் காசுகளும் சில சமயம் அதோடு வந்துவிடும். சிங்கமும் கேடயமும் தேய்ந்து தெரிகிற ஒன்று கையில் பட்டால் தராசில் போட்டுவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். ஒரு காகிதத்தில் மடித்துக் கல்லாவில் வையுங்கள். மகள் பள்ளி விட்டு வந்ததும் எடுத்துக் கொடுங்கள்.